பன்னிரண்டாவது பானை மரம்

— பொய்யை நான் படம் எடுக்கறதில்லை அக்கா. அவ்வளவுதான். உங்க வாசல் மரத்தை எடுத்த இருபது படத்தையும் அழிச்சுட்டேன். உங்க கையால சாப்பிட்டுட்டேனே, சொல்லாமப் போனா நல்லா இருக்காதுன்னு திரும்பி வந்தேன்.

— விடிஞ்சதுல இருந்து என் வேலிக்கு வெளியில முட்டி போட்டு, படுத்து, உருண்டு, என் கோழியெல்லாம் பயந்து முட்டை போடாம நின்னுச்சு. அப்ப மெய்யா இருந்தது இப்ப எப்படிய்யா பொய்யாச்சு?

— அப்ப எனக்குத் தெரியாது. வாசல் மரத்துல பானை தொங்கினா அந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு அர்த்தம். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் இறக்கிடுவாங்க. சரிதானே?

— இந்த மராமூரெஷ் மலைப்பக்கம் பொறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூட இது தெரியும். க்ளூஜ் பட்டணத்துல இருந்து கார் போட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கறியா?

— உங்க வீட்டுல பொண்ணு எங்க அக்கா? பாலத்துகிட்ட ஒருத்தர் சொன்னார். "அந்த வீட்டுல பொண்ணும் இல்லை ஒண்ணும் இல்லை, வீணா நிக்காத"ன்னார். உங்களுக்கு ஒரே மகன், அவனும் இத்தாலியில லாரி ஓட்டறானாமே. அப்புறம் யாருக்கு இந்தப் பானையெல்லாம்? எனக்குத்தானே? கேமரா தூக்கிட்டு வர்றவனுக்கு.

— உனக்கா! இவரு பெரிய மன்மதன், இவருக்காக நான் மரம் ஏறினேன். வாயைக் கழுவிட்டுப் பேசு தம்பி.

— கோவப்படாதீங்க. உங்களை மட்டும் சொல்லலை. இருபத்தாறு வருஷமா ஐரோப்பா பூரா கிராமம் கிராமமா அலையறேன். ஆல்சேஸ்ல ஒரு ஊரு, ஜன்னலுக்கு ஜன்னல் செக்கச்செவேல்னு பூ. கிட்டப் போய் மோந்து பார்த்தா பிளாஸ்டிக். தூசு தட்டறதுக்கு ஆளே வெச்சிருக்காங்க. டஸ்கனியில ஒரு கிழவர், பக்கத்துல கழுதை, பின்னால சாயங்கால வெயில். ஆஹான்னு எடுத்துட்டுத் திரும்பினா, தெருமுனையில அந்தக் கழுதையை வேன்ல ஏத்திட்டு இருக்கார். வாடகைக் கழுதை.

— கழுதையாவது நிஜக் கழுதைதானே?

— சிரிக்காதீங்க அக்கா. இது என்னோட கடைசிப் புத்தகம். நாற்பது கிராமம், ஒரு பொய்கூட இருக்கக் கூடாதுன்னு பிடிவாதமா இருக்கேன். முப்பத்தொன்பது முடிஞ்சுது. நாற்பதாவது இந்த ஊருன்னு நெனச்சேன். போகட்டும், வேற மரம் இல்லாமலா போச்சு. தெரு முழுக்க இருக்கு.

— இருக்கு, இருக்கு. கேட்டுக்கோ, நானே எண்ணித் தரேன். என்னோடதை விட்டா பதினொரு மரம். மாவு மில்லுக்காரன் வாசல்ல ஒண்ணு. அவன் மக மட்ரீட்ல யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி விட்டுட்டு இருக்கா, அங்கயே ஒரு பையனைக் கட்டி ரெண்டு பிள்ளையும் ஆச்சு. பாதிரியார் வாசல்ல ஒண்ணு. அவருக்கு மூணும் ஆம்பளைப் பிள்ளை. மேலத்தெருவுல தங்கும் விடுதி வெச்சிருக்கானே ஸ்டெஃபான், அவன் மரத்தைக் கிட்டப் போய்ப் பாத்தியா? ஒட்டாத வாணலி! விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கலை. பதினொரு மரம் தம்பி, அத்தனைக்கும் சேர்த்து ஒரு பொண்ணு கிடையாது. எல்லாம் விமானம் ஏறிப் போயாச்சு. பானையை மட்டும் விட்டுட்டுப் போச்சுங்க.

— அப்படின்னா பன்னிரண்டும் பொய்.

— பதினொண்ணுதான் பொய்.

— இது?

— இது எனக்கு.

— உங்களுக்குன்னா?

— எனக்குன்னா எனக்குத்தான். இந்த வீட்டுல கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு நான்தான். பேரு பராஸ்கீவா, வயசு ஐம்பத்தெட்டு, பல்லு ரெண்டு போச்சு, மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு. ஏன்டா, படம் பிடிக்கிறவனுக்குக் கண்ணு இவ்வளவு பெரிசாவுமா?

— நிஜமாவா அக்கா?

— என் புருஷன் வசீலே மேல தேவதாரு மரம் சாஞ்சு அவர் போய் எட்டு வருஷம். ஆறு வருஷம் கறுப்புத் துணியைத் தலையில கட்டினேன். இங்க விதவை கட்டினா சாகறவரைக்கும் கட்டணும். ஒரு நாள் காலையில பசுவுக்குத் தண்ணி காட்டறேன். தொட்டிக்குள்ள ஒரு காக்கா என்னைப் பாக்குது. யாருடா இதுன்னு பயந்தே போனேன். நான்தான். அன்னைக்கே துணியை அவுத்து அடுப்புத் துடைக்கப் போட்டேன். சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, எங்கம்மா சீதனமாக் கொடுத்த எனாமல் பானை ஒன்பதையும் கட்டித் தொங்கவிட்டேன். உச்சியில சிவப்புப் பானை.

— ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?

— சொல்லாம? பைத்தியம்னாங்க. பாதிரியார் சம்சாரம் என்னைப் பாத்தா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போறா. மகன் போன்ல அழுதான், "அம்மா, என் கூட வேலை பாக்கறவன் உன் படத்தை எங்கயோ பாத்துட்டான்"னு. பாக்கட்டும்டான்னேன். கேட்டுக்கோ தம்பி, எனக்கு ஆள் வேணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு வைக்கணும். உப்பு கம்மின்னு குறை சொல்ல ஒரு வாய் வேணும், திருப்பித் திட்ட எனக்கு ஒரு காது வேணும். தனியா இருக்கறது எனக்குப் பிடிக்கலை. இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமும் இல்லை. அந்தக் காலத்துப் பொண்ணுங்க பானை கட்டிச் சொல்லிச்சாம், இப்ப நான் சொன்னா மட்டும் கசக்குதா?

— நான் உங்களைப் போய்ப் பொய்க்காரின்னு சொல்லிட்டேனே.

— சொன்ன. இப்ப நின்னு மிச்சத்தையும் கேளு. போன வாரம் ஜெர்மனிக்காரங்க பஸ் ஒண்ணு வந்துச்சு. கூட்டிட்டு வந்த பையன் இந்த மரத்தைக் காட்டி, "இந்த வீட்டில் ஓர் அழகிய கன்னிப்பெண் இருக்கிறாள்"னு நீட்டி முழக்கறான். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுட்டு இருந்தேன், முழங்கை வரைக்கும் மாவு. அப்படியே வெளிய வந்து "நான்தான்"னு நின்னேன். நாற்பது பேரும் கை தட்டினாங்க. ஒரு கிழவி கட்டிப் பிடிச்சு அழுதுட்டா, பாவம், அவளுக்கும் யாரும் இல்லை போல. அன்னைக்கில இருந்துதான் ஊருக்குள்ள நெருப்புப் பிடிச்சுது.

— கீவா! ஏ கீவா! கதவைத் திற. ஏணி கொண்டாந்திருக்கேன், சாக்கும் கொண்டாந்திருக்கேன்.

— வந்துட்டார் பாரு. கோயில்ல மணி அடிக்கிற கவ்ரிலா. பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்துல எனக்கு ரெண்டு வகுப்பு மேல. பொண்டாட்டி போய்ச் சேந்து ஒன்பது வருஷம் ஆச்சு, அன்னைக்கு மூடின மூஞ்சியை இன்னும் திறக்கலை. வாய்யா கவ்ரிலா, கதவு திறந்துதான் கிடக்கு. என் வீட்டுல என்னைக்குக் கதவு சாத்தியிருந்துச்சு?

— ஆரு இது? ஓ, படக்காரரா. உங்ககிட்டதான் காலையிலயே சொன்னேனே, இங்க ஒண்ணும் இல்லைன்னு.

— ஐயாதான் அக்கா! பாலத்துகிட்ட எனக்குச் சொன்னது இவர்தான்.

— ஓஹோ. பொண்ணு இல்லைன்னு சொன்ன மகான் நீதானா? நான் என்னய்யா, பூசணிக்காயா?

— எனக்கென்ன வந்துச்சு கீவா, ஊரு சொல்லுது. ஞாயித்துக்கிழமை மாவட்டத்துல இருந்து ஆளுங்க வராங்க, அழகான கிராமம் எதுன்னு பொறுக்கறதுக்கு. பாதிரியார் சொல்லிட்டார், கமிட்டி சொல்லிருச்சு. இந்தப் பானை மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள இறங்கணும்.

— மத்த பதினொண்ணு?

— அது இருக்கட்டும். அது அழகு.

— கேட்டியா தம்பி! நீ பொய்யைத் தேடி ஆல்சேஸ் போன, அது இங்க ஏணியோட வந்து நிக்குது. பொண்ணே இல்லாத பதினொரு மரம் அழகாம், உள்ள ஆளு மூச்சு விடற மரம் அசிங்கமாம். கவ்ரிலா, ஒட்டாத வாணலியை விடவா நான் மட்டம்?

— நான் அப்படிச் சொன்னேனா? வர்றவன் எவனாச்சும் கேப்பான், நீ மாவுக் கையோட வந்து நிப்ப. ஊரே தலை குனியணும்.

— குனியட்டும். குனிஞ்சு அவனவன் வீட்டு வாசலைப் பாக்கட்டும்.

— ஐயா, ஒரு நிமிஷம். கேமராவை வெளிய எடுக்கறேன். அக்கா, போய் மரத்தடியில நில்லுங்க.

— இப்ப எதுக்கு? பொய்யைத்தான் நீ எடுக்க மாட்டியே.

— குத்துங்க, நல்லாக் குத்துங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். பூவு பிளாஸ்டிக்னு அடுத்தவங்களைச் சொன்னேனே, நான் பண்ணினதைச் சொல்லலை. ஆஸ்திரியாவுல ஏரிக்கரையில ஒரு ஊரு. அஞ்சு வருஷம் போனேன். ஒரே இடம், ஒரே கோணம். இடது பக்கம் மூணாவது ஜன்னல்ல ஒரு பொம்பளை, நான் கேமராவைத் தூக்கினா நாக்கை நீட்டுவா. மழையா, பனியா, கவலையே இல்லை. அம்பது படத்துலயும் அவ நாக்கு இருக்கு.

— பலே! அவ விலாசம் கொடு, ஒரு கடிதாசி போடணும்.

— அம்பது தடவையும் நான் அவளை அழிச்சேன் அக்கா. கம்ப்யூட்டர்ல உக்காந்து, நாக்கை, முகத்தை, அப்புறம் வேலை சுருக்கா முடியட்டும்னு ஜன்னலையே அழிச்சேன். போர்ச்சுகல்ல மலைமேல ஒரு கல்வீடு. வாசல்ல ஒரு தாத்தா, மூக்குல குழாய், பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர். "கொஞ்சம் உள்ள போக முடியுமா?"ன்னு கேட்டேன். அவர் சிலிண்டரை இழுத்துக்கிட்டே எழுந்து உள்ள போனார். அந்தச் சக்கரச் சத்தம் இப்பவும் கேக்குது. அவர் வீட்டு வாசல் அது. படத்துக்கு விருதுகூடக் கொடுத்தாங்க. நான் அழிச்ச ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சா ஒரு ஊரே நிக்கும்.

— அப்ப நீயும் இந்த கவ்ரிலாவும் ஒரே வேலைதான் பாத்திருக்கீங்க. அவன் ஏணி, நீ கம்ப்யூட்டர்.

— ஆமாம் அக்கா. அதனாலதான் சொல்றேன், நில்லுங்க. புத்தகத்துக்கு அட்டையே நீங்கதான்.

— அட்டையா? கீவா, வேண்டாம். அட்டையில போட்டா ஊர் உலகமெல்லாம் பாக்கும். எங்கெங்க இருந்தோ எவனெவனோ வருவான்.

— வரட்டுமே. அதுக்குத்தானே தொங்கவிட்டேன். தம்பி, நிக்கறேன், ஆனா மூணு கண்டிஷன். கன்னத்துச் சுருக்கத்துல கை வெக்கக் கூடாது. பின்னால என் புல்லுக்கட்டு வெள்ளைப் பிளாஸ்டிக்ல சுத்திக் கிடக்கு பார், எனக்கு இப்ப புல்லுப் போர் போட இடுப்புல பலம் இல்லை, மெஷின்தான் கட்டுது, அதுவும் தெரியணும். கூரை மேல டி.வி. டிஷ் இருக்கு, அதுவும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் க்ளூஜுக்கே வந்து உன் வீட்டு வாசல்ல நிப்பேன்.

— எதையும் அழிக்க மாட்டேன். ஐயா, நீங்க கொஞ்சம் நகருங்க.

— நகர மாட்டேன்.

— ஐயா, லென்சுக்கு நேரா நிக்கறீங்க.

— தெரிஞ்சுதான் நிக்கறேன். நீங்க படம் எடுக்கறதுக்கு முன்னால நான் இறக்கிடுவேன். ஏணி சாத்தியாச்சு. இந்தா, கிளை மேலயே ஏறிட்டேன்.

— யோவ் கவ்ரிலா! இறங்குய்யா. அந்தக் கிளை உளுத்தது. நேத்து வரைக்கும் முழங்கால் வலின்னு புலம்பின.

— வலிக்கட்டும். முதல்ல அந்தச் சிவப்பை அவுக்கறேன்.

— அதைத் தொட்ட, நடக்கறதே வேற. தம்பி, நீ படம் எடு. நான் இந்த ஏணியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுட்டு வரேன்.

— கீவா! ஏணி! ஏய், ஏணியை எடுக்காத! கீவா!

— எடுத்தாச்சு. இனி நீயும் அங்கயே தொங்கு. பானை பத்தாச்சு.

— விளையாட்டா இருக்கா? பன்னெண்டு மணிக்கு நான் மணி அடிக்கணும்.

— இன்னைக்கு ஒரு நாள் ஊரு மணி தெரியாமச் சாப்பிடட்டும். கேட்டுக்கோ, எனக்கு ஒரு சந்தேகம் தீரணும். ரெண்டு வருஷமாப் பானை தொங்குது. மூணு பேர் வரேன்னு ஆள்விட்டுச் சொன்னாங்க. சிகெட் டவுன்ல ரிடையர் ஆன வாத்தியார். மரம் அறுக்கற மில்லு வெச்சிருந்தவர். அப்புறம் அந்தத் தேனீ வளக்கிற மனுஷன். மூணு தடவையும் வீட்டைப் பெருக்கி, பிளம்ஸ் ஊறுகாய் எடுத்து, புதுப் பாவாடை கட்டி, வாசலைப் பாத்து உக்காந்தேன். ஒருத்தரும் வந்து சேரலை. என் மூஞ்சி போட்டோவைப் பாத்து பயந்துட்டாங்கன்னு நெனச்சேன். ராத்திரி படுத்து அழுதேன், வெளிய சொல்லலை. இன்னைக்கு இந்தத் தம்பி பாலத்துகிட்ட ஒருத்தர் சொன்னார்ங்கறான்.

— அக்கா, அந்தப் பாலத்தைத் தாண்டாம இந்த ஊருக்குள்ள வர முடியுமா?

— முடியாது. ஈசா ஆத்துக்கு இருக்கறது அது ஒண்ணுதான். மணி அடிக்கிற நேரம் போக, தூண்டிலைப் போட்டுட்டு அந்தப் பாலத்துல உக்காந்திருக்கிற ஆளும் ஒண்ணுதான். கவ்ரிலா. வாத்தியாரை நீ பாத்தியா?

— மறந்து போச்சு.

— ஏணி வேணுமா, வேண்டாமா?

— பாத்தேன்.

— என்ன சொன்ன?

— உனக்கு மார்ச்சளி, ராத்திரி பூரா இருமுவன்னு சொன்னேன்.

— இருமலா! எனக்கா! மில்லுக்காரர்கிட்ட?

— வீடு உன் மகன் பேருல இருக்கு, அவன் வித்துடப் போறான்னு சொன்னேன்.

— தேன்காரர்கிட்ட என்ன சொன்ன? வாயைத் திற.

— அவன் நல்ல ஆளு கீவா. கையில ஒரு ஜாடித் தேனும் வெச்சிருந்தான். இருமல்னு சொன்னா மருந்து தரேன்பான் போல இருந்துச்சு. அதனால... நீ இத்தாலிக்கே போயிட்டன்னு சொல்லிட்டேன்.

— அடப்பாவி மனுஷா.

— தேனை என்கிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டான். நான் தொடலை. அப்படியே அலமாரியில இருக்கு.

— ரெண்டு வருஷம்யா! ரெண்டு வருஷம் ஒத்தையா உக்காந்து மாமாலிகாக் களி கிண்டி, பாதியைப் பன்னிக்குப் போட்டேன். ஊரு சொல்லுது, பாதிரியார் சொல்றார்னு கதை விடாத. பாதிரியாரா உன்னைப் பாலத்துல உக்காரச் சொன்னார்? கமிட்டியா இருமல்னு சொல்லச் சொல்லிச்சு?

— இல்லை.

— தம்பி, கேமராவை நிறுத்தாத. இவன் மூஞ்சி அட்டையில வரட்டும், ஆளைக் கண்டா ஜாக்கிரதைன்னு கீழ எழுது. சொல்லுய்யா. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? உன் பொண்டாட்டி படுக்கையில கிடந்தப்ப கஞ்சி கொண்டாந்தது யாரு? நான். உன் பசு கன்னு போட்டப்ப கை விட்டு இழுத்தது யாரு? நான். அப்படி இருக்க என் வாசலுக்கு ஒருத்தன் வந்துடக் கூடாதுன்னு உனக்கு என்னய்யா அவ்வளவு வயித்தெரிச்சல்?

— ஐயா, பதில் சொல்லிடுங்க. கிளை முறியற மாதிரி சத்தம் கேக்குது.

— முறிஞ்சா முறியட்டும் படக்காரரே. ரெண்டு வருஷமா நானும் யோசிக்கறேன், ஒண்ணும் பிடிபடலை. பொம்பளைக்காவது பானைன்னு ஒண்ணு இருக்கு கீவா, ஆம்பளை தன் வாசல்ல என்னத்தைத் தொங்கவிடணும்?